துறப்பணத்துக்கு எஞ்சின் பூட்டியது

தர்மபுரத்தில் ஓடும் மாவு மில் பழைய இரும்பில் நான் கட்டியது. பெற்றோல் கண்ணில் படாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவன் நான். இடம்பெயர்ந்து திரும்பியபோது தூர்ந்து கிடந்த கிணற்றுக்கு, எரிந்த வாகனங்களின் உதிரிகளைப் பொறுக்கிப் பம்பி செய்து தண்ணீர் எடுத்தவனும் நான்தான். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்கு பள்ளிக்கூட வாங்கில் இருப்புக் கொள்ளவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் தலைப்பிள்ளை, கையால் சுற்றி ஓட்டை போடும் ஒரு கைத்துறப்பணம்.

அப்போது முரசுமோட்டையில் இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மறுநாள் காலை எங்கள் வயலுக்குக் குளத்துத் தண்ணீர் முறை. அதற்குள் உழவு இறங்காவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு சில்லில் ஓடும் உழவு மெசினான எங்கள் லாண்ட்மாஸ்ரரின் இரும்புச் சில்லுகளிலோ சேற்றைப் பிடிக்கும் தட்டுகள் தேய்ந்து போயிருந்தன. புதுத் தட்டுகளில் ஓட்டை போட்டால்தான் போல்ற் பூட்டலாம். ஐயாவும் அண்ணையும் மாறி மாறித் துறப்பணத்தின் கைப்பிடியைச் சுற்றினார்கள். காலை முழுக்கச் சுற்றியும் ஒரு ஓட்டைதான் விழுந்தது. இரவல் சில்லு கேட்க ஐயா சைக்கிளில் புறப்பட்டார். ஒன்றிலும் கை வைக்கக் கூடாது என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வாசற்படலையைத் தாண்டவில்லை, என் கை துறப்பணத்தில் இருந்தது. கைப்பிடியையும் பெரிய பற்சில்லையும் கழற்றி எறிந்தேன். தண்டில் மிஞ்சிய சின்னப் பற்சில்லின் மேல், முதிரைப் பலகையில் வெட்டிய வட்டமொன்றை அடித்து இறுக்கினேன். பற்கள் மரத்தைக் கவ்விக்கொண்டன. துறப்பணத்தை ஒரு கட்டையில் கம்பியால் வரிந்து கட்டினேன். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி முடிந்து, லாண்ட்மாஸ்ரரின் எஞ்சின் சில்லிலும் மரச்சில்லிலும் பெல்ற்றாக மாட்டினேன். அண்ணை எஞ்சினை ஸ்ரார்ட் செய்து, தட்டை ஓட்டை போடும் அலகின் முனையோடு பலகையால் அழுத்திப் பிடித்தார்.

அலகு சுழன்றது. புகை வந்தது. ஓட்டை வரவில்லை.

"இது ஓட்டை போடுற மெசின் இல்லையடா, கிடக்கிற ஓட்டையை அடைக்கிற மெசின்," என்றார் அண்ணை.

எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் கண் அலகை விடவில்லை. அது எதிர்ப்பக்கமாகச் சுழன்றுகொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, ரியூப்பை எட்டுப் போலக் குறுக்காக மாட்டினேன். இந்தமுறை இரும்பு சுருள் சுருளாக வெளியே வந்தது. பொழுது சாயுமுன் எல்லா ஓட்டைகளும் முடிந்தன.

கடைசித் தட்டில் நிற்கும்போது ஐயா வெறுங்கையோடு திரும்பி வந்தார். எஞ்சின் சத்தம் கேட்டு, சைக்கிளை வீதியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். எஞ்சினை நிறுத்தினார்.

"கையைக் காட்டடா."

யாருடைய வேலை என்று ஒயில் கறையைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அண்ணையின் கைகள் சுத்தம், என்னுடையவை கரி. "ஓம் ஐயா, நான்தான் செய்தனான்," என்று பெருமையாக நீட்டினேன். அவர் கைகளைப் பிரட்டினார், ஒவ்வொரு விரலாக மடக்கி நிமிர்த்தினார். பிறகு கன்னத்தில் ஒன்று விழுந்தது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். ஓட்டைகளின் பக்கம் அவர் முகம் திரும்பவே இல்லை. மனிதனுக்கு என்மேல் பொறாமை என்றே எண்ணிக்கொண்டு படுத்தேன். விரல்கள் மிச்சமிருக்கின்றனவா என்று பார்த்தார் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே விளங்கப்போகிறது?

மறுநாள் விடிய லாண்ட்மாஸ்ரர் வயலில் இறங்கியது.

இன்று அண்ணை கனடாவில் இருந்துகொண்டு, ரியூப்பைக் குறுக்காக மாட்டியது தான்தான் என்று பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறாராம். அவர் பிடித்தது பலகை. துறப்பணத்தைக் கழற்றியது நான், எஞ்சினில் பூட்டியது நான், குறுக்காக மாட்டியதும் நான், அடி வாங்கியதும் நான். பிள்ளைகளுக்கு அதைத் திருத்திச் சொல்லுங்கோ அண்ணை.