நகத்தில் இருந்தது சாயம் அல்ல

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நான், என் கணவர் டேவிட், எங்கள் மகள் ஜெனி, குழந்தைகள் இதய வைத்தியம் படிக்கிற ஒரு பெண் டாக்டர், ஒரு நர்ஸ், கொமரலிங்கத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்த ஓர் அம்மா. கர்த்தரைச் சேர்க்காமல் எண்ணினால், அந்தக் கைக்குழந்தையோடு ஏழு பேர். பெரிய டாக்டர் இல்லை. அவர் இல்லாததுதான் அன்றைக்கு என் பயம் முழுவதும்.

சபையாரே, நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பயப்பட மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். அதனால், ஜெனியின் விரல் நகம் நீலமாகத் தெரிகிறது என்று முதலில் சொன்னபோது யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

நாங்கள் மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். என் கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. எவ்வளவு கழுவினாலும் அவர் கையில் ஏதாவது ஒரு கலர் இருக்கும். வேலை விட்டு வந்ததும் பிள்ளையைத்தான் தூக்குவார். அந்தச் சாயம் ஒட்டிக்கொண்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டு சரசக்கா கேலி செய்வார்.

“உங்கூட்டுக்காரரு சம்பளத்தக் கொண்டாறாரோ இல்லியோ, கலரக் கொண்டாந்து போடறாருங்க.”

நானும் சிரித்தேன். ஆனால் பிள்ளை தூங்கியதும் துணி சோப்புப் போட்டு அவள் விரல்களைத் தேய்ப்பேன். தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பேன். நிறம் போகாது. பட்டறையிலேயே குளித்து வேறு சட்டை மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன். கொஞ்ச நாள் பிள்ளையைத் தொடவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். பாவம், அந்த மனுஷன் வாசலில் நின்றே அவளோடு பேசிக்கொண்டிருந்தார். அப்போதும் நகம் நீலமாகவே இருந்தது. அழுதால் உதடும் அந்த நிறத்துக்கு வந்தது. கொஞ்சம் நடந்தாலே குத்தவைத்து உட்கார்ந்துகொள்வாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது.

அங்கன்வாடியில் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்த டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

“சாயமெல்லாம் இல்லீங்க. ஒடம்புல ஓடற ரத்தத்துலயே காத்துப் பத்தல. இதயத்துல கோளாறு இருக்கும்போல. தள்ளிப்போடாம கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிருங்க.”

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். என் மூச்சுச் சத்தத்தில் அவள் மூச்சு கேட்காமல் போய்விடுமோ என்று என் மூச்சை அடக்கிக்கொள்வேன். ஜெபிக்க உட்கார்ந்தால் ஜெபம் வராது. சின்னப் பெட்டி ஒன்றுதான் கண்ணுக்குள் வரும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், படிக்கிற டாக்டர்தான் முதலில் எங்களை அழைத்தார். நாகர்கோவில் பக்கத்துப் பெண். ஜெனியின் நெஞ்சில் வெகுநேரம் கேட்டார். முதுகில் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கேட்டார். நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கு வேஸ்ட் துணியைக் கொடுத்துத்தான் மெஷின் பழக்குவார்கள். கோணலாகப் போனாலும் நஷ்டமில்லை. என் பிள்ளையையும் அப்படிப் பழகக் கொடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். “ஏனுங்க, இந்தம்மா இன்னும் படிச்சிட்டு இருக்கறவங்களாமா. பெரிய டாக்டரே பாக்கட்டும்னு சொல்லுங்க.”

“நீ சித்த சும்மா இரு சாந்தி. அவங்க காதுல விழுகப் போவுது.”

காதில் விழுந்துவிட்டது. ஆனாலும் அந்த டாக்டர் கோபப்படவில்லை.

“சார் உள்ளே ஒரு பிள்ளைக்குச் சிகிச்சை செஞ்சிட்டு இருக்காங்கம்மா. வந்து கண்டிப்பா பார்ப்பாங்க. நான் இங்கயே இருக்கேன்” என்றார்.

நான் கண்ணை மூடி ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆண்டவரே, இந்தப் பெண்ணின் கை என் பிள்ளைமேல் படக்கூடாது, பெரிய டாக்டரைச் சீக்கிரம் அனுப்பும். இதுதான் என் ஜெபம். கொமரலிங்கத்து அம்மா பக்கத்தில் இருந்து, “அழுவாதீங்க, உங்களப் பாத்து அதுவும் பயந்துக்கும்” என்றார்.

பெரிய டாக்டர் வரவில்லை. ஜெனிதான் பசியில் அழ ஆரம்பித்தாள். அழுகை நிற்கவில்லை. உதடு நீலமானது, பிறகு கறுத்தது. புஸ் புஸ் என்று மூச்சு வாங்கினாள். அழுகைச் சத்தம் குறைந்தது. சமாதானமாகிறாள் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் கண் மேலே சொருகியிருக்கிறது. கை துவண்டு தொங்குகிறது.

அந்தப் படிக்கிற டாக்டர் ஓடி வந்தார். பிள்ளையை என்னிடமிருந்து பறிக்கவில்லை. என் தோளிலேயே அவளைச் சாய்த்து, இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு மடக்கி, என் கையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

“இப்படியே அணைச்சுப் பிடிங்கம்மா. காலை நீட்ட விடாதீங்க. உங்க சூடு அவளுக்கு வேணும்.”

நர்ஸ் ஆக்ஸிஜனைக் கொண்டுவந்து முகத்தருகே பிடித்தார். டாக்டர் ஓர் ஊசி சொன்னார், அளவு சொன்னார், நர்ஸைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட்டார். என் கணவர் சுவரோடு ஒட்டி நின்றார். அவர் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். பிள்ளையைத் தொட வேண்டாம் என்று நான் சொன்னது அப்போதும் அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது.

அந்த நேரத்தில் எனக்கு ஜெபம் ஒன்றும் வரவில்லை. அப்பா, அப்பா என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு என் கழுத்தில் சூடாக ஒரு மூச்சு பட்டது. இன்னொன்று. ஜெனி முனகினாள். கறுத்த உதடு மெல்ல நிறம் மாறி வந்தது. கொமரலிங்கத்து அம்மா தன் சாமியின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்.

கதவைத் திறந்துகொண்டு பெரிய டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையைப் பார்த்தார், என்னவெல்லாம் செய்தாய் என்று கேட்டார், கேட்டுவிட்டு, “நான் இருந்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

நான் அந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை சில்லென்று இருந்தது.

“பயமா இருந்துச்சா கண்ணு?” என்று கேட்டேன். டாக்டரைக் கண்ணு என்று கூப்பிடலாமா என்று அப்போது யோசிக்கவில்லை.

“ரொம்பவே இருந்துச்சும்மா. பயந்தாலும் கை மறக்கக் கூடாதுன்னுதான் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்காங்க.”

யார் தொடக்கூடாது என்று ஜெபித்தேனோ அவரைத்தான் கர்த்தர் அந்த அறையில் நிறுத்தி வைத்திருந்தார். நான் கேட்டபடி அந்தக் கை படாமல் போயிருந்தால் இன்று எனக்குப் பிள்ளை இல்லை.

ஆவணி மாதம் ஜெனிக்கு ஆபரேஷன் நடந்தது. அன்றும் பயந்தேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, சேலைத் தலைப்பின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து நூலாக்கிவிட்டேன். மறுநாள் உள்ளே விட்டார்கள். குழாய்களுக்கு நடுவில் அவள் விரல் தெரிந்தது. நகம் ரோஜா நிறத்தில் இருந்தது. என் கணவர் அந்த விரலைத் தொட்டுக்கொண்டு நின்று அழுதார். நான் தடுக்கவில்லை.

என் பயமெல்லாம் போய்விட்டது என்று பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன். இப்போதும் கேஸை அணைத்தேனா என்று திரும்பி வருகிறேன். ஆனால் செக்கப்புக்குப் போகும்போது, புதிதாகப் படிக்க வந்தவர்கள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க வேண்டும் என்றால், நானே ஜெனியின் சட்டையைத் தூக்கி, “நல்லாக் கேட்டுக்குங்க கண்ணு” என்கிறேன். இன்னொரு ஊரில் இன்னொரு பிள்ளைக்கு அந்தக் காது வேண்டும். அவர்கள் பெயரெல்லாம் கேட்டு வந்து ஜெபத்தில் சொல்கிறேன்.

சகோதரிகளே, பிள்ளையின் நகமோ உதடோ நீலமாகத் தெரிந்தால், யார் சிரித்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். ஜெபித்துக்கொண்டே காட்டுங்கள். யாரை அனுப்ப வேண்டும் என்பதை ஆண்டவரிடமே விட்டுவிடுங்கள். நம்பி விடுங்கள்.

ஆபரேஷன் செலவைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. ஸ்கேனுக்கும், தங்கிய செலவுக்கும், நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகாத நாட்களுக்கும் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கினோம். கடன் முழுவதும் அற்புதமாகத் தீர்ந்தது என்று எழுதினால் நன்றாயிருக்கும் என்று ஒருவர் சொன்னார். அப்படி நடக்கவில்லை. பிள்ளை ஓடுகிறாள், நாங்கள் வேலைக்குப் போகிறோம், வாரச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இன்னும் முப்பத்தோராயிரம் ரூபாய் பாக்கி இருக்கிறது.