நான் கட்டாத மூன்றாவது பொட்டலம்

இதை எழுதப் பத்து வருஷம் தயங்கினேன். அம்மனைக் குறை சொல்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயம். குறை சொல்லப் போவது என்னைத்தான்.

தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். படிப்பு டிப்ளமோ. இரண்டாயிரம் வாக்கில் ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "மாரியப்பா, இன்ஜினியர் நாலு வருஷத்துல ரிடயர் ஆகுறாரு. டிகிரி முடிச்சிட்டா அந்தச் சேர் உனக்குத்தான்."

மூன்று வழி இருந்தது. வேலை பார்ப்பவர்களுக்கான மாலை நேர பி.ஈ. மதுரையில் ஒன்று, ஆனால் தினமும் பஸ். மற்ற இரண்டும் எங்கள் ஊர் ஜவுளிக்கடை மாடியில் இருந்த ஸ்டடி சென்டரில், தபால் வழி மெக்கானிக்கல், தபால் வழி எலெக்ட்ரிக்கல்.

"லேப் எங்கன இருக்கு தம்பி?" என்று ஸ்டடி சென்டர்காரனிடம் கேட்டேன்.

"அண்ணே, நீங்க பாக்காத மெஷினா? ரெக்கார்டு நோட்டக்கூட நாங்களே எழுதிருவோம். கையெழுத்து மட்டும் போடுங்க."

பேரிங்கை மாற்றாமலே மாற்றியதாக எழுதும் ஃபிட்டரை எத்தனை முறை திட்டியிருப்பேன்! அன்றைக்கு எனக்கு அது இனித்தது.

வீரபாண்டி கௌமாரியம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ மெக்கானிக்கல், சிவப்பு எலெக்ட்ரிக்கல் என்று இரண்டு பொட்டலம் கட்டிப் போட்டேன். மகள் எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ. அம்மன் உத்தரவு என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு சேர்ந்தேன்.

மூன்றே வருஷத்தில் டிகிரி வந்தது, ஃபர்ஸ்ட் கிளாஸில். மேனேஜர் அதை ஹெட் ஆபீஸுக்கு அனுப்பினார். அங்கே விசாரித்ததில், இன்ஜினியரிங்கைத் தபாலில் நடத்த அந்த ஸ்டடி சென்டருக்கு அனுமதியே இல்லையாம்.

"செல்லாதுன்னுட்டாகய்யா. பேப்பர் நல்ல கனமா இருக்கு. மோட்டார் ஆடுச்சுன்னா அது காலுக்கு அடியில வெட்டி வையி" என்றார் மேனேஜர். சேரில் வெளியூர் ஆள் வந்து உட்கார்ந்தார்.

"ஆத்தாளே கைவிட்டுட்டா" என்று வீட்டில் புலம்பினேன். கீரை உருவிக்கொண்டிருந்த என் மனைவி நிமிரவே இல்லை.

"ரெண்டு சொத்தக் கத்திரிக்காய வச்சு எது நல்லதுன்னு கேட்டீக. ஆத்தா என்ன செய்யும்? மதுரைப் படிப்ப ஏன் பொட்டலம் கட்டல?"

"அது தினமும் பஸ்சு..."

"அப்ப ஆத்தாகிட்டயே மறைச்சீகளாக்கும்?"

அந்த வருஷமே மதுரையில் சேர்ந்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் முக்கி முக்கி ஏறும்போது அந்தக் கேள்வி கூடவே ஏறும். மூன்று அரியர் வைத்து, செகண்ட் கிளாஸில் முடித்தேன். வெளியூர்க்காரர் சேரை விடவில்லை. அவருக்குக் கீழேயே ரிடயர் ஆனேன்.

வேலையில் இருந்துகொண்டு படிக்க நினைப்பவர்களே, லேப்பைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சாமியிடம் கேட்பதானால், கஷ்டமான வழியையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஸ்டடி சென்டர்காரன் தலையில் மொத்தப் பழியையும் போட்டு என்னைக் காப்பாற்றிவிட வேண்டாம். பொட்டலம் கட்டியது என் கை. அதை மாற்றாமல் சொல்லுங்கள்.