நாற்பது விநாடி நீண்ட ஓம்

போன வருடம் பங்குனி மாதம், கிளிநொச்சிப் பக்கத்து ஜெயபுரத்தில் நடந்தது இது. மண்டையைப் பிளக்கிற வெயில் காலம். ஆனாலும் அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை குளிர்ந்துவிடுகிறது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. தனியாக இருக்கிற வயதானவர்கள், நடக்க ஏலாதவர்கள் வீடுகளில் சின்னச் சின்னக் கருவிகளைப் பூட்டி, நோய் வருத்தம் முற்றுவதற்கு முன்னரே அதைக் கண்டுபிடிக்கிற வேலை. கட்டிலில் பாய்க்குக் கீழே ஒரு மெல்லிய விரிப்பு. ஆள் படுத்தால் அதற்குத் தெரியும். சமைக்கிற குசினிச் சுவரில் நடமாட்டத்தைப் பார்க்கிற சின்னக் கண். இவற்றோடு பேசுகிற பெட்டி ஒன்று. எல்லாம் என் போனுக்கு வந்து சேரும். நான் உருத்திரபுரத்தில் இருந்துகொண்டு ஸ்கூட்டியில் வீடு வீடாகத் திரிவேன்.

பெட்டி காலை ஆறு மணிக்கு வாய் திறக்கும். அதற்குள்ளே பேசுவது என்னுடைய குரல்தான். "வணக்கம் அம்மா. சுகமாய் இருக்கிறீங்களோ? நோவு, காய்ச்சல் ஒண்டும் இல்லையெண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ." அவர்கள் ஓம் என்றால், மற்றக் கருவிகள் எதைக் காட்டினாலும் என் போனில் பச்சை அடையாளம் விழும். வேறு ஏதும் சொன்னாலோ, பேசாமல் இருந்தாலோ போன் கத்தி ஊரைக் கூட்டும். கொழும்பிலிருந்து பெட்டியைச் செய்துகொண்டு வந்த பொறியியலாளர் முதலில் 'ஆம்' என்றுதான் எழுதி வைத்திருந்தார். நான் விடவில்லை. எங்கட சனம் எங்கே ஆம் சொல்லுது, ஓம் என்றுதானே சொல்லும் என்று அவரோடு மல்லுக்கட்டி மாற்ற வைத்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைப் பத்துத் தரம் சொல்லிப் பெருமையடித்தேன். வாய்க்கொழுப்பு எனக்குக் கொஞ்சம் கூடத்தான்.

ஜெயபுரத்தில் ஓர் அம்மா இருந்தார். எழுபது வயதுக்கு மேல். வாழ்நாள் முழுக்க மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவருடைய மகள் கலியாணம் முடித்து ஜெயபுரத்துக்கு வந்தவர். புருசன் இறந்த பிறகு வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தாய் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சீனி வருத்தம், நீரிழிவுக்காரர். காலில் சின்னப் புண் வந்தாலும் கவனிக்க வேண்டும் என்பதால்தான் மகள் எங்களிடம் பதிந்திருந்தார்.

பெட்டியை வைக்கப் போன அன்று எனக்கு இன்னும் இரண்டு வீடு இருந்தது. அவசரம். "விடிய இது கதைக்கும் அம்மா, ஓம் எண்டு சொன்னால் சரி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் "சரிங்க புள்ள" என்று தலையாட்டினார். இரண்டு கிழமை கழித்துப் போனபோது பெட்டியின் முகப்பில் ஒரு சந்தனப் பொட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, கால் இரண்டையும் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். புண் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் இருக்கும். ஒரு பின்னேரம் வீட்டில் இருந்து அறிக்கைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். எல்லா வீடும் பச்சை. பச்சை விழுந்த வீட்டை மேற்கொண்டு கிண்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு ஏனோ பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தில் கண் போனது. ஒவ்வொருவர் பதிலும் எத்தனை விநாடி என்று அதில் இருக்கும். ஒரு விநாடி, இரண்டு விநாடி, ஒரு விநாடி. ஜெயபுரத்து அம்மாவுக்கு மட்டும் நாற்பது.

ஓம் சொல்ல நாற்பது விநாடி எதற்கு? ஒலிப்பதிவைத் தட்டினேன்.

முதலில் என் குரல். பிறகு ஒரு மணி மெல்லக் கிணுகிணுத்தது. அதற்குப் பிறகு வந்தது பதில் சொல்கிற குரலாகவே இல்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து, ஓ... என்று நீண்டு, ம்... என்று அடங்கி, மூச்சு வாங்கி, திரும்பவும் தொடங்கியது. அந்த அம்மாவின் மெல்லிய குரல் எனக்கு நன்றாகத் தெரியும். இது வேறு யாரோ. முந்தின நாள்களின் பதிவுகளையும் போட்டுப் பார்த்தேன். மூன்று நாளாக மணிச் சத்தம் வரவர மெலிந்து, கடைசிப் பதிவில் ஒருதரம்தான் கேட்டது. குரலோ ஒவ்வொரு நாளும் இன்னும் கீழே இறங்கிக்கொண்டு போனது.

மற்றக் கருவிகளைப் பார்த்தேன். கட்டில் மூன்று இரவாக வெறுமை. வெக்கைக்கு நிலத்தில் பாய் போட்டிருப்பார் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். குசினியில் முந்தாநாள் ஒருதரம் நடமாட்டம். நேற்றிலிருந்து அதுவும் இல்லை. அந்த வீட்டில் ஒருவரும் படுக்கவில்லை, ஒருவரும் சமைக்கவில்லை. ஆனால் விடிய ஆறு மணிக்கு ஏதோ ஒன்று சுகமாக இருக்கிறேன் என்று சொல்கிறது.

கணவருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "உன்ர பெட்டிக்குப் பேய் பிடிச்சிட்டுது, ஒருக்கா மந்திரிச்சு விடு" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மாவின் போனுக்கு எடுத்தேன், ரிங் போகவே இல்லை. அந்தப் பக்கத்தில் வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இருக்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பச்சைதானே விழுந்திருக்கிறது, காலையில் போவோம் என்று இருந்துவிட்டேன். அதற்காக நான் வெட்கப்படாத நாள் இல்லை.

அடுத்த நாள் ஆறு மணிக்குப் பச்சை விழுந்த கையோடு பதிவைக் கேட்டேன். மணிச் சத்தமே இல்லை. அந்த ஓம் இருந்தது. அதற்கு மேலால் இன்னொரு இரைச்சல், கிட்ட வந்து, விலகி, திரும்பவும் கிட்ட வந்தது. அது இலையான், ஈ மொய்த்து இரைகிற சத்தம் என்று விளங்கியது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அந்த அம்மாவின் முற்றம் எப்போதும் ஈர்க்கு விளக்குமாற்றுக் கோடு தெரியத் தெரிய இருக்கும். அன்றைக்கு வேப்பஞ்சருகு மூடிக் கிடந்தது. சருகின் மேல் ஒரு காலடி இல்லை. கதவு உள்ளே கொளுவியிருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன். காகம்கூடக் கத்தாத அமைதி.

என் போனில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமத்தினால் பெட்டி அந்த நேரமே கேள்வியைக் கேட்கும். அமத்தினேன்.

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து நான் பேசினேன். "வணக்கம் அம்மா. சுகமாய் இருக்கிறீங்களோ?" கதவுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், உள்ளே என் குரல் குழைந்து குழைந்து சுகம் விசாரிக்கிறது. அது முடிந்தது. பிறகு கதவின் அடி இடுக்கால், நிலத்தோடு நிலமாக, அந்தச் சத்தம் ஊர்ந்து வந்தது. ஓ... ம்...

என் கையில் போன் டிங் என்றது. பச்சை. சுகம். அதே இடுக்கால் ஒரு நாற்றமும் வந்தது.

திரும்பி ஓடிவிடத்தான் கால் துடித்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த 'ம்' அடங்குகிற இடத்தில் ஒரு முனகல் இருந்தது. பேய்க்கு நோகாது என்று அந்த நேரத்திலும் எப்படித் தோன்றியதோ தெரியாது. பின்பக்கம் ஓடி, குசினிக் கதவைக் கட்டியிருந்த கம்பியை இழுத்து அறுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

முன் அறை மூலையில் சாமித்தட்டு. மாரியம்மன் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் என்னுடைய பெட்டி. பொட்டு வைத்து, காய்ந்துபோன செவ்வரத்தம்பூச் சூட்டியிருந்தது. அதற்குக் கீழே வெறும் சீமெந்து நிலத்தில் அந்த அம்மா மல்லாந்து கிடந்தார். கைமணி கைக்கு எட்டாத தூரத்தில் உருண்டு கிடந்தது. இரண்டு கையும் நெஞ்சில் கும்பிட்டபடி இருந்தன. வலது காலைச் சேலைத் துணியால் சுற்றியிருந்தார். இலையான்கள் அங்கேதான்.

நெற்றியைத் தொட்டேன், அடுப்பு மாதிரிக் கொதித்தது. கரண்டியால் தண்ணீர் பருக்கினேன். "ஏனம்மா ஓம் எண்டு சொன்னனீங்கள்? பேசாமல் இருந்திருந்தால் அண்டைக்கே நான் ஓடி வந்திருப்பன்" என்று அழுகையும் கோபமுமாகக் கேட்டேன்.

அவர் கண் திறக்காமலே சொன்னார். "சாமி ஓம் சொல்லச் சொல்லுதுங்க புள்ள. எந்திரிக்க முடியல, ஆனா ஒரு நாளும் விடல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு ஓம் என்றால் ஆமாம். அவருக்கு ஆமாம் என்றால் 'ஆமா'தான். ஓம் அவருக்கு மந்திரம். நான் சண்டை பிடித்து வாங்கிய சொல். வாய் பேசாமல் கிடந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். பக்திதான் அவரை என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

"அம்மா, அது சாமியில்லை. அது நான்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அப்ப சாமி கேக்கலையா?" என்றார்.

வெளியே ஓடிக் கத்தினேன். வயலில் நின்ற ஒருவர் ஓடி வந்தார். அம்புலன்ஸ் வந்து ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனது. வழி முழுக்க அவர் கையைப் பிடித்திருந்தேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்று டொக்டர் சொன்னார். முள் குத்திய சின்னப் புண்தான் அப்படி ஏறியிருக்கிறது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். காலும் உயிரும் தப்பின.

கொஞ்சம் தேறிய பிறகு அவரே சிரித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். தோட்டத்துக் கோயிலில் விடிய ஸ்பீக்கர் கட்டிச் சாமிப் பாட்டுப் போடுவார்களாம். மகள் காசு கட்டி வீட்டுக்குள்ளேயே அப்படி ஒன்றைப் பூட்டித் தந்திருக்கிறாள் என்று நினைத்தாராம். எங்கள் பேச்சில் பாதி அவருக்குப் பிடிபடுவதில்லை. கடைசியில் வருகிற 'ஓம் சொல்லுங்கோ' மட்டும் தெளிவாகக் கேட்டதாம். காய்ச்சல் ஏறின பிறகு அம்மனே கேட்கிற மாதிரி இருந்ததாம். "ஒரு பொம்பளக் கொரலு, அவ்ளோ அன்பா கேட்டுச்சு" என்றார். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

இப்போது பெட்டி ஓம் கேட்பதில்லை. "அம்மா, இண்டைக்கு உங்களுக்கு எங்கை நோகுது?" என்று கேட்கிறது. பதில்கள் எல்லாவற்றையும் நானே காது கொடுத்துக் கேட்கிறேன், பச்சை விழுந்தாலும் கேட்கிறேன். ஜெயபுரத்து அம்மா இன்னமும் பெட்டியைச் சாமித்தட்டில்தான் வைத்திருக்கிறார், நானும் எடுக்கச் சொல்லவில்லை. முழங்கால் கடுக்குது, கண் மங்குது, மகள் போன் எடுக்கல என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் பூவை வைக்கிறார்.

தெருவில் யாராவது என்னைக் கண்டு சுகமோ என்று கேட்டால் என் வாய் தானாக ஓம் என்றுதான் சொல்கிறது. சொன்ன மறுகணமே, அந்தக் கதவிடுக்கால் ஊர்ந்து வந்த ஓம் காதில் கேட்க, கேட்டவரை நிறுத்தி வைத்து உண்மையில் எனக்கு எங்கே நோகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.