ஏழு பேருக்கு ஒரு படகு

எழுபதுகளில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரோடு காரைக்காலில் ஞாயிறுதோறும் போர் செய்தேன். மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கி விரலளவு சிப்பாய்கள் வார்த்திருந்தார். பிஸ்கட் தகரத்தில், நிஜப் போரில் இல்லாத ஒரு பறக்கும் படகு. பிரெஞ்சுக்காரர் போரிட்ட இந்தோசீனக் காட்டில் சிக்கிய ஏழு பேரை அது மீட்க வேண்டும். எதிரியான எனக்குத் தாயம் விழுந்தால் படகு நொறுங்கும். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் அதை நகர்த்துவார்.

"பத்துப் படகு செஞ்சுக்கலாமேங்க, தகரத்துக்கா பஞ்சம்?" என்று கேலி செய்தேன்.

"அன்னிக்கு ஒண்ணு வந்திருந்தா போதும் தம்பி. ஏழு பேரும் நம்ம ஊருப் பசங்க."

அதன்பிறகு நான் தோற்கத்தான் ஆடினேன். குழந்தைகளிடமே தோற்கிற எனக்கு, படகு நெருங்கும்போது மட்டும் தவறாமல் தாயம் விழுந்தது. அவர் பொத்தானைக் கழற்றிவிட்டு, படகை மறுபடி கரையில் வைப்பார்.