இரண்டு ப்ரீஆம்ப்களும் ஏழு குரல்களும்

காலை பத்து நாற்பது. காட்டுப்பாக்கத்தில் அந்த மாடி அறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை, பிளாஸ்டிக் முக்காலிமேல் அருகருகே இருந்த இரண்டு போனோ ப்ரீஆம்ப்கள். ஒன்று வால்வு வைத்தது. நான்கு கண்ணாடிக் குழாய்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன. மற்றது சாம்பல் நிற உலோகப் பெட்டி. முகப்பில் மூன்று பொத்தான்கள் மட்டும்.

இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் ஒலி மிகச் சன்னமானது. அதைப் பெருக்கி, தட்டு தயாரிக்கும்போது குறைத்துவிட்ட கீழ்ஸ்தாயியை மீட்டுத் தருவது ப்ரீஆம்பின் வேலை. என் வீட்டிலிருந்த மலிவான பெட்டி இரைச்சலைத்தான் பெருக்கியது. இரண்டு மாதம் விமர்சனங்களைப் படித்துக் குறிப்பெடுத்து, உயர்தரப் பெட்டிகளின் பட்டியலை இரண்டாகக் குறைத்திருந்தேன். இரண்டையும் விற்பனைக்கு வைத்திருந்தவர் இந்த அறைக்காரர் ஒருவர்தான். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கேட்டுப் பார்க்க வருகிறவர்கள் பழகிய தட்டுகளைக் கையோடு கொண்டுவருவது வழக்கம்.

"இன்னா அண்ணாத்தே, ஒரே ஒரு தட்டா? அவனவன் பை நெறைய தூக்கிகினு வரான்."

"இது ஒண்ணுதான் இருக்கு."

உறையைத் திருப்பிப் பார்த்தார். "குவார்ட்டர்ஸ் பொம்பளைங்க பாட்டா? தெருமுனைக்குப் போறதுக்கு ஏரோப்பிளேன் கேக்குறியே நைனா!"

ஆவடி குடியிருப்பின் ஆண்டு விழாவுக்காக ஏழு பெண்கள் பாடிப் பதிவு செய்த தட்டு அது. அவர்களில் ஒருத்தி என் மனைவி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. தொண்டையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கடைசி மூன்று ஆண்டுகள் அவளால் பேச முடியவில்லை. போன வருடம் இறந்தாள். அவள் குரல் பதிவான பொருள் வேறு எதுவும் என்னிடம் இல்லை. கைபேசியில் தேடினேன். வீடியோக்களில் எல்லாம் பேசுவது நான்.

ஏழு பேரில் அவளை அடையாளம் காண ஒரே ஒரு வழி இருந்தது. இரண்டாம் சரணத்தை அவள் அவசரப்பட்டு மற்றவர்களுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டாள். மறுபடி பாட ஸ்டூடியோவில் நேரம் தரவில்லை. "ரயில்ல திரும்பி வர்ற வழியெல்லாம் ஆறு பேரும் திட்டினாங்க" என்று அவளே சொல்லியிருக்கிறாள். வீட்டுப் பெட்டியில் சரியாக அந்த இடம் பொரிகிற சத்தத்தில் மறைந்து போனது.

முதலில் வால்வு பெட்டி. குரல்கள் முழுமையாக, இதமாக வந்தன. இரண்டாம் சரணம் தொடங்குமிடத்தில் அதே பொரிகிற சத்தம். அது அடங்கியபோது ஏழு பேரும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

"வெண்ண மாதிரி கீது பாரு" என்றார்.

அடுத்து சாம்பல் பெட்டி. அதன் நடுப் பொத்தானை அழுத்தினார். "பழைய தட்டு, மோனோ. இடது, வலது ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே பாட்டுதான். இத அமுக்குனா ரெண்டையும் சேத்துடும், அழுக்கு சத்தம் அடங்கிடும். வால்வுல இந்தப் பொத்தான் கெடையாது."

குரல்கள் சற்று வறண்டு ஒலித்தன. பொரிகிற சத்தம் பாதிக்குமேல் குறைந்தது. இரண்டாம் சரணம் வந்தது.

அவர் ஊசியைத் தூக்கிவிட்டார். "அய்ய, ஒரு பொண்ணு முந்திகினு போய்டுச்சி. இந்தப் பெட்டி காட்டிக் குடுக்குது பாரு. வால்வே எடுத்துக்கோ அண்ணாத்தே, அதுல தப்பு தெரியல."

"இன்னொரு தடவை போடுங்க. இதுலயே."

என்னைப் பார்த்தார். ஊசியை அந்த இடத்துக்குச் சற்று முன்னால் இறக்கி வைத்தார். முடிந்ததும், நான் சொல்லாமலே, மறுபடி இறக்கினார். பிறகு வால்வு பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

சாம்பல் பெட்டியை வாங்கிவந்தேன்.

அந்தச் சரணத்தின் முதல் சொல் 'மாலையில்'. அதில் 'மா' மட்டும் அவள் தனியாகப் பாடுகிறாள். அதற்குள் மற்ற ஆறு பேரும் வந்துவிடுகிறார்கள்.