கிணற்றின் தரையைத் துளைத்த கோடு

கோவிலம்பாக்கத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவன் தன் தம்பி முனிரத்தினம் ஒருவன்தான் என்பதில் தனத்துக்குச் சந்தேகமே கிடையாது. தாம்பரத்தில் புள்ளியியல் படித்தவன், எழுபத்து நான்கில் நிலத்தடி நீர் ஆய்வில் தற்காலிக வேலைக்குப் போனான். ஊர்க் கோவில் கிணற்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் நாடா விட்டு அளந்து கொடுப்பவள் தனம். எட்டாவதோடு நின்றவள், ஆனால் நாடாவில் நனைந்த இடத்தை இரண்டு தரம் பார்க்காமல் எழுதமாட்டாள்.

அந்த அளவுகளைப் புள்ளிகளாக வைத்து, ஒன்றையும் விடாமல் தொட்டு, எங்கும் ஒடியாமல் வளைந்து போகும் கோட்டைக் கம்ப்யூட்டர் கணக்கிடும்படி முனிரத்தினம் செய்திருந்தான். ஒரு சாயங்காலம் அந்தப் படத்தைக் கொண்டுவந்து விரித்தான். கோடு கிணற்றின் தரையையும் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது.

"பாதாளத்துக்குப் படி கட்டிகினு கீறீங்களான்னு ஆபீஸே சிரிக்குதுக்கா."

தனத்தின் முகம் வாடியது. "நான் தப்பா அளந்துட்டனாடா?"

"நீ அளந்ததெல்லாம் சரி. நடுவுல இந்த ரெண்டு வாரந்தான் ஒண்ணுமே இல்ல."

அது சித்தப்பா இறந்த சமயம். கருமாதி முடியும்வரை தீட்டு. கோவில் கிணற்றைத் தொடக்கூடாது. அளக்காததை எழுதாமல் விட்டிருந்தாள். அதற்கு முன் மளமளவென்று வற்றிய தண்ணீர், பின்னால் கோடைமழைக்கு ஏறியிருந்தது. இடையில் பிடித்து நிறுத்தப் புள்ளி இல்லாததால், கோடு இறங்கிய வேகத்திலேயே ஆழத்துக்குப் போய்த் திரும்பியிருந்தது.

"உங்க ஆபீசர் சார் இன்னா சொல்றாரு?"

"உங்கக்காவ ரெண்டு நம்பர் குத்துமதிப்பா எழுதித் தரச் சொல்லு, வேலைய நிரந்தரம் பண்ண எழுதறேன்றாரு."

தனம் பென்சிலை எடுத்தாள். பார்க்காததை அவள் எழுதியதே இல்லை. ஆனால் தம்பியின் வேலையாயிற்றே.

"சொல்லுடா, எவ்ளோ போடணும்?"

அவன் பென்சிலை வாங்கிக்கொண்டான். "வாணாம்க்கா. நீ எழுதினா எல்லாரும் நம்பிடுவாங்க. நான் எப்படி நம்பறது?"

"அப்ப வேல?"

"பாத்துக்கலாம்."

கோட்டை இரண்டாக வெட்டி, நடு இடத்தை வெறுமையாக விட்டு, 'அளவு இல்லை' என்று எழுதிக் கொடுத்தான். அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். நிரந்தரம் பற்றி வாயே திறக்கவில்லை.

அது கிடைக்க மேலும் மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை, "உன் தம்பி இன்னும் டெம்பரரிதானா?" என்று எதிர்வீட்டுக் கங்கையம்மாள் கேட்கும்போதெல்லாம், "ஆமா, டெம்பரரிதான்" என்று தனம் தலை நிமிர்ந்தே சொல்லிவந்தாள்.