லோடு லாரி வரட்டும்

போன வாரம் எங்கள் கம்பெனியில் புதிதாகத் திறந்திருக்கும் ரெக்ரியேஷன் ஹாலில், சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்த நிவேதா என்ற பெண்ணோடு பூல் ஆடிக்கொண்டிருந்தேன். இந்த வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள். கூப்பிட்டாள், போனேன். நான் அடித்த பந்து நேராக மூலைப் பாக்கெட்டுக்குப் போய், வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே நுழையாமல் நின்றுகொண்டது. அடுத்த முறை அவளுடையது. குச்சியோடு குனிந்தாள். என்னைக் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது: "இரும்மா, லாரி வரட்டும்."

நிமிர்ந்து பார்த்தாள். "எந்த லாரி சார்?" என்றாள். அந்தக் குரலில் இருந்த அக்கறைதான் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, சும்மா சொன்னேன் என்று மழுப்பினேன். அவளிடம் சொல்லாததை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

குச்சி முனையில் தேய்க்கிற நீலச் சாக்கட்டி இருக்கிறதே, அதன் மாவு விரலில் பட்டால் இன்றைக்கும் எனக்குப் பெங்களூர் ரோடுதான் ஞாபகம் வரும். சுங்குவார்சத்திரத்தில் ரோட்டை ஒட்டி ஒரு ஹார்டுவேர் கடை. அதன் மாடியில் ஏகாம்பரம் அண்ணன் ஒரே ஒரு டேபிள் போட்டிருந்தார். வெளியே போர்டில் ஸ்னூக்கர் என்று எழுதியிருக்கும், உள்ளே கிடந்தது பூல் டேபிள். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நாங்கள் என்றால், தென்மாவட்டங்களிலிருந்து வந்து, ஒரு ரூமில் ஆறேழு பேராகப் படுத்துக்கொண்டு, காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்த பையன்கள். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும்.

ஏகாம்பரம் அண்ணன் அந்த ஊர்க்காரர். பூலுக்கு என்ன ரூல் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது கேரம் போர்டு. அதனால் வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தால் கேரம் மாதிரியே ஃபைன், போட்ட பந்தில் ஒன்றை எடுத்து நடுவில் வைக்க வேண்டும். அது போக அவரே சொந்தமாக யோசித்துப் போட்ட சட்டங்களும் உண்டு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மாடிக்கு வருகிறவர்கள் கழுத்தில் ஐடி டேக் தொங்கும். குனிந்தால் அது பந்தில் இடிக்கும். எனவே டேக் பட்டால் ஃபவுல். கதவோரம் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார், கழற்றி மாட்டிவிட்டுத்தான் குச்சியைத் தொட வேண்டும்.

அடுத்ததுதான் லாரி சட்டம். ரோட்டில் கனமான வண்டி போனால் அந்தக் கட்டடம் முழுக்க அதிரும். பாக்கெட் வாசலில் நிற்கிற பந்து அந்த அதிர்வில் தானாக விழும். விழுந்தது யார் கணக்கு என்று தினமும் சட்டைக் காலரைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை. ஏகாம்பரம் அண்ணன் ஒருநாள் தீர்ப்புச் சொன்னார். பந்து வாசலில் நின்றால், ஒரு லாரி போகும்வரை எல்லோரும் டேபிளை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். விழுந்தால் அடித்தவனுக்கு. விழாவிட்டால் அடுத்தவன் ஆடலாம். பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் செல்லாது. உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று நாங்கள் மனதார நம்பினோம்.

எங்கள் லைன் சூப்பர்வைசர் சுதாகர் சாருக்கு இந்த இடம் தெரிந்ததே சாக்கட்டியால்தான். கட்டைவிரல் இடுக்கில் நீலம் இருந்தால், கண்டுபிடித்துவிடுவார். கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்று ஒருநாள் மாடிப்படி ஏறி வந்தவர், டேபிளைப் பார்த்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டார். மெட்ராஸில் டிப்ளமோ படித்த காலத்தில் ஆடியவராம். நன்றாகவே ஆடினார். அதுதான் எங்களுக்கு எரிச்சல்.

இப்போது இசக்கி விஷயத்துக்கு வருகிறேன். சிவகிரிக்காரன், என் பாய்க்குப் பக்கத்துப் பாய். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. நாலு நாள் லீவு முடிந்து திரும்பிவிட்டான். அடுத்து வந்தது தலைதீபாவளி. மாமனார் வேட்டி சட்டை எடுத்து வைத்துவிட்டு, எங்கள் ரூமுக்குப் பக்கத்து வீட்டுக்குப் போன் மேல் போன் போடுகிறார். சுதாகர் சாரோ, ஷிப்மென்ட் இருக்கிறது, ஒருத்தருக்கும் லீவு கிடையாது என்றுவிட்டார். இசக்கி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். "அவ மொகமே எனக்குப் பாதிதாம்ல ஞாபகம் இருக்கு," என்றான் என்னிடம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய வாரம், முதல் ஷிப்ட் முடிந்து வந்த மதியம். சுதாகர் சார் குச்சியோடு எதிராளி தேடிக்கொண்டிருந்தார். இசக்கி போய் மறுபடி லீவு கேட்டான். நல்ல மூடில் இருந்த சார், என்னை ஜெயித்தால் ஊருக்குப் போ, தோற்றால் தீபாவளியன்று ஓ.டி.யும் சேர்த்துப் பார் என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, கூட்டமே கேட்டுவிட்டது. இனி பின்வாங்க முடியாது.

இசக்கி உயிரைக் கொடுத்து ஆடினான். கடைசியில் இருவருக்கும் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. முறை சாருடையது, நேர்க்கோட்டில் சுலபமான அடி. இசக்கி கண்ணை மூடிக்கொண்டான். சார் குனிந்தார். அவர் மட்டும் டேக்கைக் கழற்றவே மாட்டார். சூப்பர்வைசர்களுக்குச் சிவப்பு நாடா, சும்மாவா? சட்டைப் பைக்குள் செருகியிருந்த டேக் நழுவி வந்து வெள்ளைப் பந்தை லேசாகத் தட்டியது.

எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் லீவு, ஓ.டி. எல்லாம் அவர் கையில் அல்லவா. ஜன்னலோரம் மசால்வடை தின்றுகொண்டிருந்த ஏகாம்பரம் அண்ணன், "டேக் பட்ச்சி சார், ஃபவுலு," என்றார். சும்மா உரசியதற்கெல்லாம் ஃபவுலா என்று சார் எகிறினார். அண்ணன் வடையை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னார். "உங்க கம்பெனில டேக் இல்லாங்காட்டி உள்ள வுடுவாங்களா? இங்க டேக் இருந்தா ஆட வுடமாட்டோம்."

சார் கழற்றி ஆணியில் மாட்டினார். எங்கள் நீல நாடாக்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு நாடா தொங்கிய அழகை என்னவென்று சொல்வேன்! கண் நிறைந்து பார்த்துக்கொண்டேன்.

ஃபவுல் ஆனதால் முறை இசக்கிக்கு வந்தது. அடித்தான். கறுப்பு போனது, போனது, மூலை வாசலில் நின்றுவிட்டது. ஊதினால் விழும். சார் சிரித்துக்கொண்டே குச்சியை எடுத்தார்.

"குந்துங்க சார்," என்றார் அண்ணன். "லாரி வரட்டும்."

அன்றைக்கென்று பார்த்து லாரிக்குப் பஞ்சம். ஷேர் ஆட்டோ போனது, கம்பெனி பஸ் போனது, ஒரு கல்யாண வேன் பாட்டோடு போனது. லாரிக்காரர்களும் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் தொலைந்தார்களா என்று வயிற்றெரிச்சல் எனக்கு. இசக்கி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஊர்ச் சாமிக்குத் தேங்காய் உடைப்பதாக முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கடைசியில் தூரத்தில் தடதடவென்று ஒரு சத்தம். வந்தது லாரிதான். கட்டடம் ஆடியது, கறுப்பும் ஆடியது, விழவில்லை.

சார் எழுந்தார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. "அது காலி வண்டி சார். சத்தந்தான் கீது, வெயிட்டு இல்ல. கணக்குல வராது."

"இது எப்பலேர்ந்து ரூலு?"

"இப்பத்துலேர்ந்துதான்."

நாங்கள் முதல்முறையாகக் கேள்விப்படுகிறோம். ஆனாலும் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் ஆடின. காலி வண்டி என்றைக்குச் சார் செல்லுபடியானது என்று நான்கூட நியாயம் பேசினேன்.

அப்புறம் அது வந்தது. லோடு வண்டிக்குச் சத்தம் முதலில் காதில் வராது, காலில் வரும். ஜன்னல் கட்டையில் டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. டேபிள் விளிம்பிலிருந்த சாக்கட்டி நகர்ந்தது. இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஒன்று சாவகாசமாகக் கடந்து போனது. கறுப்புப் பந்து சற்று யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது.

சாரின் முகத்தைப் பார்த்தபடி நின்றோம். அவர் ஆணியிலிருந்து டேக்கை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "மூணே நாள். நாலாம் நாள் லைன்ல நிக்கணும்," என்று இசக்கியிடம் சொல்லிவிட்டு இறங்கினார். பாதிப் படியில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இசக்கி நாலாம் நாள் வரவில்லை, ஐந்தாம் நாள்தான் வந்தான். முகம் முழுசாக மனப்பாடம் ஆகிவிட்டதாம். கையில் ஒரு தூக்குச்சட்டி அதிரசம். ரோட்டோர டீக்கடையில் நின்றிருந்த டிரெய்லர் டிரைவர்களுக்குத்தான் முதல் அதிரசம் கொடுத்தான். எதற்கு என்று அவர்களுக்குப் புரியவில்லை. வாங்கித் தின்றார்கள்.

ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஏகாம்பரம் அண்ணன் படப்பையில் மகள் வீட்டோடு போய்விட்டார். டேபிள் எங்கே போனதோ. ஆணிகள் இருந்த சுவர் நின்ற இடத்தில் இப்போது வண்டிகள் ஓடுகின்றன. இசக்கி சிவகிரியில் கடை வைத்திருக்கிறான், மூத்தவள் காலேஜ் போகிறாள்.

நிவேதாவைக் குச்சியோடு பாதியில் நிற்க விட்டுவிட்டேன். நான் மழுப்பியதை அவள் நம்பவில்லை. ஆனால் நல்ல பிள்ளை. குச்சியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "சரி சார், வரட்டும்," என்றாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ரோட்டில், அந்தக் காலத்து வண்டிகளைவிட இரண்டு மடங்கு நீளமான டிரெய்லர் ஒன்று முழு லோடோடு போனது. சத்தம் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் வைத்துப் பார்த்தேன். தரை அசையவில்லை, பந்தும் அசையவில்லை.

"ஆடட்டுமா சார்?" என்றாள்.

"ஆடும்மா," என்றேன்.